இடிதாங்கிக்குக் கிடைத்த குரல்

காரோட்டக் கற்றுத் தருகிறவர்களுக்குக் குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் பிரேக் அக்காவின் குரலுக்கு ஊரில் தனி மரியாதை. அவள் "பிரேக்!" என்று ஒரு சத்தம் போட்டால், அவளுடைய காரில் உட்கார்ந்திருக்கும் மாணவன் மட்டுமல்ல, பக்கத்தில் போகிற பேருந்தும் நின்றுவிடும். ஒருநாள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் இறங்கி ஓரமாக நின்று, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் பிரேக் அக்கா. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக அதே சின்ன வெள்ளைக் கார். ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக். இரண்டாவது பிரேக்தான் அதிகம் தேய்ந்திருந்தது.

இந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் பாடியதே இல்லையா என்றால், பாடவிடவில்லை என்பதுதான் சரி. பள்ளிக்கூடத்தில் சேர்ந்திசைக் குழுவில் முதல் நாளே பாட்டு டீச்சர் அவளைத் தனியே கூப்பிட்டு, "கண்ணு, நீ பாடினா மத்த இருபத்தி மூணு பேரும் வீட்டுக்குப் போயிடலாம். நீ வாய மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டார். நான்கு வருடம் அவள் வாயை மட்டும் அசைத்தாள். குழு பரிசு வாங்கியபோது எடுத்த புகைப்படத்தில், உயிரைக் கொடுத்துப் பாடுகிறவள் போலத் தெரிவது அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு அவள் பாடியதெல்லாம் ஒரு மாணவனை இறக்கிவிட்டு அடுத்த மாணவன் வீட்டுக்குப் போகிற அந்தப் பத்து நிமிடத்தில், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு.

அவள் கணவர் டைல்ஸ் கடையில் மேலாளர். வாரத்தில் ஆறு நாள் குளியலறைக்கு எந்த டைல்ஸ் வழுக்காது என்று விளக்குவார். ஞாயிற்றுக்கிழமை பகலில் பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆளே மாறிவிடுவார். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியில்தான் 'இடிதாங்கி' என்ற அவர்களுடைய ராக் குழு கூடும். பெயருக்கு ஏற்றபடி கிட்டார் இடிக்கும், ட்ரம்ஸ் மின்னலாய் வெட்டும். ஆனால் அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் உள்ளே, குளிக்கும்போது நம்மையறியாமல் முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு இருக்கும். அந்த மெட்டுகளைப் போடுகிறவர், கிட்டார் வாசிக்கிற லிஃப்ட் மெக்கானிக். ட்ரம்ஸ், ஒரு பல் டாக்டர். பாடுகிறவர் சிங்கம்.

சிங்கம் என்பது பட்டப்பெயர். தோள் வரைக்கும் முடி, அதற்குத் தகுந்த நடை. போதாக்குறைக்கு, பிரேக் அக்காவின் நாத்தனார் கணவர். ஆகவே வீட்டிலும் முதல் மரியாதை, மேடையிலும் முதல் மரியாதை. பதினைந்து வருடம் அவர் பாடி, அவருக்கென்று ஒரு ரசிகர் கூட்டமும் சேர்ந்துவிட்டது.

நான்காவது ஆல்பத்துக்கு ஒன்பது பாட்டுக்கும் இசை பதிவாகி, குரல் மட்டும் மிச்சம் இருந்த நேரத்தில் சிங்கம் ஒரு யோசனை சொன்னார். அட்டைப்படத்தில் அவர் மட்டும் இருக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் பின்னால் நிழலாக இருந்தால் போதும்.

"யார் நிழலு? பாட்டு போட்டவன் நிழலா?" என்றார் மெக்கானிக்.

"நான் இல்லாம இடிதாங்கியா? வெறும் கம்பிதான்!" என்று முடியைச் சிலுப்பிக்கொண்டு சிங்கம் வெளியே போனார். போனவர் போனவர்தான்.

ஒன்பது பாட்டும் தலையில்லாத உடம்பாகக் கிடந்தன. புதுப் பாடகரைத் தேடினார்கள். முதலில் வந்தவருக்குப் பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல். இரண்டாமவர் நன்றாகப் பாடினார். ட்ரம்ஸ் ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆறாவது ஆள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை.

"பல்லு புடுங்க வந்தவங்ககூட என்கிட்ட இருந்து இப்படி ஓடினதில்ல" என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

இந்தக் கவலையோடுதான் மெக்கானிக் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரேக் அக்காவின் காரில் உட்கார்ந்திருந்தார். முப்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற மனிதருக்குக் கிளட்ச்சும் கியரும் மட்டும் பிடிபடவில்லை. அன்று ரயில் மேம்பாலத்து ஏற்றம். பாதி ஏறியதும் கார் திணறி நின்றது. பின்னால் ஒரு லாரி. மனிதருக்கோ நினைவு காரிலேயே இல்லை, இரண்டாவது பாட்டின் பல்லவியை முனகிக்கொண்டிருந்தார்: "நில்லாதே நெஞ்சே நில்லாதே..."

கார் பின்னால் நகர்ந்தது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அக்காவுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. காதில் விழுந்த மெட்டும் சேர்ந்தே ஏறிவிட்டது போலிருக்கிறது.

"விடாதே கிளட்ச்ச விடாதே!" என்று தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தபடியே கத்தினாள்.

சுருதி பிசகவில்லை. தாளம் பிசகவில்லை. சிங்கம் எம்பி எம்பித் தொடப் பார்க்கிற அந்த மேல் ஸ்தாயியில் அவள் காலை ஊன்றி நின்றாள். குரலில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஒரு கரகரப்பு வேறு. லாரி ஹாரன் அதற்குக் கீழே எங்கேயோ கேட்டது.

மெக்கானிக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"அக்கா, இன்னொரு தடவ திட்டுங்க."

"என்ன தம்பி, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? பின்னால லாரி நிக்குது!"

"நிக்கட்டும்க்கா. பதினஞ்சு வருசமா நாங்க நின்னுட்டு இருக்கோம். ஒரே ஒரு தடவ."

ஞாயிற்றுக்கிழமை இந்தச் செய்தி கிட்டங்கிக்கு வந்தபோது அதிகம் ஆடிப்போனவர் அவள் கணவர்தான். "இருபத்திரண்டு வருசம் ஒரே வீட்ல இருக்கோம். நீ பாடி நான் கேட்டதே இல்லையே!"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?" என்றாள் அவள். அந்தக் கேள்விக்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவளை மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். இசை ஓடியது. பாட வேண்டிய இடம் வந்தது. அவள் வாய் அழகாகத் திறந்து அழகாக மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை. மூன்று முறை முயன்றார்கள். மூன்று முறையும் வாய் மட்டுமே அசைந்தது. பாட்டு டீச்சர் முப்பத்தைந்து வருடம் கழித்தும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னேன்ல. எனக்கு இதெல்லாம் வராது" என்று பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். அங்கே அவளுடைய காரைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. டைல்ஸ் பெட்டிகளுக்கு நடுவே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மைக்கை உள்ளே கட்டி, கண்ணாடியை ஏற்றி, அவள் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். ஓட்டுகிறவர் இடத்தில் மெக்கானிக் உட்கார்ந்துகொண்டார். இஞ்சினைப் போடவில்லை, பாட வேண்டிய இடம் வரும்போதெல்லாம் கிளட்ச்சைத் தாறுமாறாக மிதிப்பது மட்டும் அவர் வேலை. அதைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு வேகம் கிளம்பும். வாயைத் திறந்தால் பாட்டு வரும். டாக்டர் வெளியே நின்று கண்ணாடி வழியே கட்டைவிரலைக் காட்டுவார்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது பாட்டும் முடிந்தன. கடைசிப் பாட்டுக்கு மட்டும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "தம்பி, ஒன்பது பாட்டுலயும் மேல போறேன், மேல போறேன்னுதான் எழுதியிருக்க. லிஃப்ட்ல ஒருத்தராவது கீழ இறங்க வேணாமா?" மெக்கானிக் முகம் சுருங்கியது. ஆனால் அந்த வாரம் முழுக்க யோசித்து, ஒரு மனிதன் வேலை முடிந்து ஏழாவது மாடியிலிருந்து மெதுவாக வீட்டுக்கு இறங்கி வருகிற பாட்டாக அதை மாற்றி எழுதினார். பிறகு எல்லாரும் அதிகம் கேட்டது அந்தப் பாட்டைத்தான். ஆல்பத்துக்கு 'ஏழாவது மாடி' என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது ஒரு பயம் வந்தது. சிங்கத்தின் ரசிகர்கள் பொல்லாதவர்கள். புதுக் குரல் என்று தெரிந்தால் கேட்பதற்கு முன்பே திட்டுவார்கள். ஆகவே, யார் பாடியது என்று சொல்லாமல் 'நில்லாதே நெஞ்சே' என்ற ஒரே ஒரு பாட்டை மட்டும் இணையத்தில் விட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

மறுநாள் காலைக்குள் முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். "சிங்கம் திரும்பிடுச்சு!" "தலைவா, இந்தக் குரல் இத்தனை நாளா எங்க இருந்துச்சு?" "சண்டைன்னு சொன்னதெல்லாம் விளம்பரமா? உடம்பு சிலிர்க்குது!" பெண் குரல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த உயரத்தில் ஆணும் பெண்ணும் ஒரே படியில்தானே நிற்கிறார்கள்!

பாட்டைக் கேட்டு சிங்கம் முதலில் கொதித்துத்தான் போனார். ஆனால் கடைத்தெருவில் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அழுதுட்டேன் சார்" என்றபோது, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஏதோ, எல்லாம் உங்க அன்பு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அடுத்த தெருவில் இன்னொருவரிடம், "அன்னிக்குத் தொண்ட கொஞ்சம் சரியில்ல, இல்லன்னா இன்னும் மேல போயிருக்கலாம்" என்றார். இதில் கொஞ்சம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பாட்டை எந்த அறையில், எந்த மைக்கில், எத்தனை டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் பாடினார் என்பது வரை விவரம் சேர்ந்துவிட்டது.

நாத்தனாருக்கு நகராட்சியில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிற வேலை. வருகிறவர்கள் வயதைக் குறைத்துச் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவள். அவளிடமா இது நடக்கும்? சனிக்கிழமை பிரேக் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"ஏண்டி, பாடுனது யாரு?"

"அது வந்து அண்ணி..."

"இழுக்காத. அஞ்சு வாரமா ஞாயித்துக்கிழமை உன் போன் எடுக்கல. போன மாசம் தொண்ட கட்டிடுச்சுன்ன. நீதானே?"

"நான்தான் அண்ணி. கோவமா?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "கோவமா? பதினஞ்சு வருசமா காலைல ஆறு மணிக்கு அவரு சாதகம் பண்றத நான்தானே கேக்கறேன்! நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத. கொஞ்ச நாள் அவரு அனுபவிக்கட்டும்."

அனுபவிக்க வைப்பதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். கோப்பையைக் கையில் கொடுத்ததும், "என்னங்க, அந்தப் புதுப் பாட்ட ரெண்டு வரி பாடுங்களேன், ஆசையா வந்திருக்காங்க" என்பாள். சிங்கம் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார். அடுத்த வாரம் அலுவலக நண்பர்கள் ஆறு பேர். சிங்கத்தின் கழுத்தில் மஃப்ளர் ஏறியது. ஊர் வெயிலில் வெந்துகொண்டிருக்க, அவர் மட்டும் பனிமலையில் இருப்பவர் போல நடமாடினார். "பாவம், பாட்டுக்காக உடம்ப எப்படிப் பாத்துக்கறார் பாருங்க" என்று நாத்தனார் வருகிறவர்களிடமெல்லாம் உருகினாள்.

ஆல்பம் வெளியிடுகிற நாள் வந்தது. நானூறு பேர் உட்காரும் அரங்கம், சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஒரு நாற்காலிகூடக் காலி இல்லை. முதலில் பழைய பாட்டுகளை இசையாக மட்டும் வாசிப்பது, பிறகு அவளை அறிமுகப்படுத்துவது என்று ஏற்பாடு. அவள் மேடையின் ஓரத்தில், தினமும் போடுகிற கான்வாஸ் ஷூவோடு, கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு நின்றாள். மேடைக்குக் காரைக் கொண்டுவர முடியாதென்று அரங்கத்துக்காரர் சொல்லிவிட்டார். அவர்கள் நிஜமாகவே கேட்டிருந்தார்கள்.

சிங்கம் வராமல் இருந்திருக்கலாம். நாத்தனார் விடவில்லை. முதல் வரிசையில், நட்டநடுவில், மஃப்ளரோடு அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தாள். பழைய பாட்டுகள் முடிந்து, அவளை அறிமுகப்படுத்துவதற்காக 'நில்லாதே நெஞ்சே'யின் முன்னிசை ஆரம்பித்ததும் யாரோ ஒருவன் அவரைப் பார்த்துவிட்டான்.

"சிங்கம்! சிங்கம்!"

நானூறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். தரை அதிர்ந்தது. சிங்கம் மனைவியைப் பார்த்தார்.

"கூப்பிடறாங்கல்ல? போங்க" என்றாள் நாத்தனார், மஃப்ளரை மெதுவாக உருவிக்கொண்டே.

அவர் மேடை ஏறினார். வேறு வழி இல்லை. பிரேக் அக்காவின் கணவர் பேயறைந்தவர் போல, "அத்தான் வராரு, இப்ப என்னடி பண்றது?" என்று கேட்டார். மெக்கானிக் வாசிப்பை நிறுத்தப் போனார்.

"விடுங்க, முதல் கியர்ல எடுக்கட்டும், பாப்போம்" என்றாள் பிரேக் அக்கா.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் நன்றாகவே எடுத்தார். பாட்டு அவர் இருந்தபோது போட்டதுதானே. முதல் நான்கு வரியைப் பழைய கம்பீரத்தோடு பாடினார். ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். பல்லவி வந்தது. "நில்லாதே நெஞ்சே..." என்று மேலே போனார், அங்கே நின்றுவிட்டார். குரல் கரகரத்து, இரண்டு தடவை முக்கி, பின்னால் சரிய ஆரம்பித்தது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டே அடித்தார்.

பிரேக் அக்காவுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக ஏற்றத்தில் பார்த்த முகம். கார் சரியும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, யாராவது ஏதாவது செய்யுங்களேன் என்று விழிக்கிற முகம். டீச்சரும் நினைவுக்கு வரவில்லை, நானூறு பேரும் நினைவுக்கு வரவில்லை. கால் தானாக ஒருமுறை தரையை மிதித்தது. மைக் இல்லாமல், ஓரத்தில் நின்றபடியே, அந்த வரியை அவள் எடுத்தாள்.

அரங்கத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது குரல். நானூறு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. மெக்கானிக் தன் மைக்கைப் பிடுங்கி அவள் கையில் திணித்தார். அவள் நடுமேடைக்கு வந்து பாட்டை முடித்தாள். "டேய், அப்ப அது இவங்களா?" என்று ஒருவன் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

சிங்கத்தின் முகத்தில் அந்த நொடியில் மூன்று நிறங்கள் வந்து போயின. நான்காவதாக ஒரு பெரிய சிரிப்பு வந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோய், பிரேக் அக்காவை நோக்கிக் கையை நீட்டினார்.

"இத்தன நாளா நான் உங்ககிட்ட மறைச்சு வச்சிருந்த ரகசியம் இதுதான்! எங்க வீட்டுப் பொண்ணு! இடிதாங்கியோட புதுக் குரல்!"

கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். முதல் வரிசையில் நாத்தனார் சிரித்த சிரிப்பில் கைப்பை கீழே விழுந்து, சாவி, சீப்பு, மாத்திரை எல்லாம் உருண்டன. பக்கத்து நாற்காலிக்காரர் அவள் ஆனந்தத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் எல்லாரும் கூச்சலும் கட்டிப்பிடிப்புமாக இருந்தபோது, சிங்கம் அவளருகே வந்து நின்றார். முடியை ரப்பர் பேண்டில் கட்டியிருந்தார். ஆள் கொஞ்சம் சின்னவராகத் தெரிந்தார்.

"தங்கச்சி, அந்த இடத்துல எப்படிம்மா மேல போற? நான் போட்ட சண்டையே அதுக்குத்தான். அட்டைப்படமெல்லாம் சும்மா. ரெண்டு வருசமா அந்த உயரம் எனக்கு வரல."

இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கேலி செய்ய நாக்கு நுனியில் நான்கு வாக்கியம் வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள்.

"முதல் நாலு வரி எனக்கு அப்படி வராதுண்ணா. கீழ் சுருதில நான் காத்தாப் போயிடுவேன். ஒன்பதாவது பாட்டு முழுக்கக் கீழதான் இருக்கு. வந்து கூடப் பாடுங்க."

அவர் யோசிக்கிற மாதிரி நேரம் எடுத்துக்கொண்டார். ஒன்றரை நொடி.

ஆல்பம் நன்றாகவே போனது. பழைய ரசிகர்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். இனிமேல் இடிதாங்கியைத் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பிய ஒருவர், அடுத்த மூன்று நிகழ்ச்சிக்கும் முதல் வரிசைச் சீட்டு வாங்கினார். ஒன்பதாவது பாட்டை இருவரும் சேர்ந்து பாடினால் அரங்கம் மூச்சுவிடாமல் கேட்கும். அதற்கு முன்பு, இந்தக் குரலைத் தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சிங்கம் பேசுவார். பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் டாக்டர் ட்ரம்ஸை ஆரம்பித்துவிடுவார். அந்தக் கதையில் மேம்பாலமும் கிடையாது, லாரியும் கிடையாது. மெக்கானிக் அதைத் திருத்துவதில்லை. அவருக்கு நான்காவது முயற்சியில் லைசென்ஸ் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

பிரேக் அக்கா காரோட்டக் கற்றுத்தருவதை விடவில்லை. திட்டு வாங்குவதற்கென்றே இப்போது சிலர் சேருகிறார்கள். அவர்களை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, அவர்களிடம் மட்டும் மிக மென்மையாகப் பேசி ஏமாற்றுவாள்.

போன மாதம் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் சேர்ந்தார். கறாரான அம்மாள். முதல் பாடம், காலை ஏழு மணி. கார் ரேடியோவில் செய்தி முடிந்து 'ஏழாவது மாடி'யிலிருந்து ஒரு பாட்டு வந்தது. நர்ஸம்மா இரண்டு வரி பொறுத்துக்கொண்டார்.

"இத நிறுத்துங்கம்மா. யாரோ கழுத்த நெரிச்ச மாதிரி கத்தறாங்க. என்னால கவனிக்க முடியல."

"ஆமாம்மா, காலங்காத்தால என்ன கத்தல் இது" என்று பிரேக் அக்கா ரேடியோவை அணைத்தாள். "வலது பக்கக் கண்ணாடியப் பாருங்க. பாத்தாச்சா? இப்ப மெதுவா எடுங்க."